ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்: எல்எஸ் காட்டுவதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி, 3 பிப்ரவரி, இரவு 9.15

அண்ணே, உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து எல்எஸ் (ஃபோல்டரில் இருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் கமாண்டு) அடித்தால் "கோவில்" என்ற பெயர் இரண்டு தடவை வருகிறது. எழுத்துப்பிழை இல்லை, பெயருக்குப் பின்னால் இடைவெளியும் இல்லை. ஒரு ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க முடியாது என்றுதானே படித்தோம்? ஒன்று நான் தட்டச்சு செய்தது. இன்னொன்று மாமாவின் பழைய மேக்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி போட்டு எடுத்தது. ஒன்றை அழிக்கலாம் என்றால் எது போகும் என்றே தெரியவில்லை.

3 பிப்ரவரி, இரவு 10.05

முதலில் எதையும் அழிக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு ஃபைல். பெயரும் வேறு வேறுதான், கண்ணுக்கு மட்டும் ஒன்றாகத் தெரிகிறது.

இப்படி அடித்துப் பாருங்கள்: எல்சி_ஆல்=சி எல்எஸ் -பி. (கமாண்டுகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன், திரையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவேன். இங்கே எல்சி_ஆல், அதன் வலப்பக்கம் உள்ள சி, இரண்டும் பெரிய எழுத்து.) தமிழ் மறைந்துபோய் \340\256\225 என்ற மாதிரி ஆக்டல் எண்கள் வரும். அந்த மூன்றும் சேர்ந்து "க". அதற்கு அடுத்ததைப் பாருங்கள். ஒரு ஃபைலில் \340\257\213 என்று இருக்கும். அது ஓகாரக் குறி, ஒரே எழுத்தாக. இன்னொன்றில் \340\257\207\340\256\276 என்று நீளும். அது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக.

யூனிகோடு இரண்டு வழியையும் ஏற்கிறது, இரண்டும் சமம் என்றும் சொல்கிறது. எழுத்துரு இரண்டையும் "கோ" என்றே வரைகிறது. லினக்ஸ் கெர்னல் (உபுண்டுவின் அடியில் ஓடும் மைய நிரல்) இந்தப் பஞ்சாயத்துக்கே வருவதில்லை. அதற்குப் பெயர் என்றால் பைட்டுகளின் வரிசை. சாய்வுக்கோடும் பூஜ்ய பைட்டும் இல்லாத எதுவும் பெயராகலாம். உங்கள் முதல் "கோவில்" 18 பைட், இரண்டாவது "கோவில்" 21 பைட்.

பழைய மேக் எப்படி உள்ளே வந்தது என்றால், எச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) எல்லாப் பெயர்களையும் பிரித்துத்தான் சேமிக்கும். ஆர்சிங்க் அதை அப்படியே லினக்ஸில் இறக்கிவிட்டது. 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது. தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறது.

தமிழில் இந்தக் கூத்து கொ, கோ, கௌ வரிசைகளிலும் தனி ஔவிலும்தான் நடக்கும். "மரம்" என்ற பெயரில் வராது.

3 பிப்ரவரி, இரவு 10.40

எது எது என்று பிரிக்க: எல்எஸ் -ஐ. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு எண் வரும், அது ஐநோடு எண், அதாவது டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ள பதிவின் எண். இரண்டு எண்களும் வேறாக இருந்தால் உண்மையிலேயே இரண்டு ஃபைல். ஒரே எண்ணாக இருந்தால் ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர், அதாவது ஹார்ட் லிங்க். அப்போது ஒரு பெயரை எடுத்தாலும் உள்ளே இருப்பது போகாது.

பிறகு பெயரைத் தொடாமல் எண்ணைப் பிடித்தே மாற்றலாம்: ஃபைண்ட் . -மேக்ஸ்டெப்த் 1 -ஐநம் (அந்த எண்) -எக்ஸெக் எம்வி -ஐ {} மேக்கிலிருந்து \; இப்போது எது மாமாவுடையது என்று தெரிந்துவிடும். திறந்து பார்த்துவிட்டு நிதானமாக முடிவெடுங்கள்.

ஃபோல்டர் முழுக்க இப்படி இருந்தால் கன்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது. அதற்கு --என்எஃப்சி என்ற ஆப்ஷன் கொடுத்தால் பிரிந்த குறிகளைச் சேர்த்து வைக்கும். அதில் எனக்குப் பிடித்தது, --நோடெஸ்ட் என்று சொல்லும்வரை எதையும் மாற்றாது, என்ன செய்யப் போகிறேன் என்று மட்டும் சொல்லும்.

4 பிப்ரவரி, காலை 7.20

கெர்னல் கவலைப்படாது என்று நேற்று சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு, ஒரு வாசகர் தனியாக எழுதி ஞாபகப்படுத்தினார். லினக்ஸ் 5.2இலிருந்து (2019) லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4இல் கேஸ்ஃபோல்டு என்ற வசதி இருக்கிறது. அதைப் போட்ட ஃபோல்டரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் பார்க்காது, இந்தச் சேர்ந்த "கோ", பிரிந்த "கோ" வேறுபாடும் பார்க்காது. தானாகப் போட்டு வருவதில்லை, நாமே போட வேண்டும். எனவே உங்கள் கணினியில் இருக்க வாய்ப்பில்லை.

4 பிப்ரவரி, இரவு 8.50

அடுத்த கேள்வி வந்துவிட்டது: "தமிழ்ப் பெயர்கள் ஏன் அகராதி வரிசையில் வருவதில்லை?"

இதில் நிறையத் தலைவலி பட்டிருக்கிறேன். ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து தலைப்பு வாரியாகச் சேமிக்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். பட்டியலை எடுத்துப் பார்த்த ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி: "யாரப்பா இந்த வரிசையைப் போட்டது?"

யூனிகோடு தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்த வரிசையும் நம் நெடுங்கணக்கும் ஒன்றல்ல. மற்ற இந்திய மொழிகளோடு ஒரே அச்சில் அடுக்கியதால் னகரம் நகரத்துக்கு அடுத்து வந்து உட்கார்ந்தது, றகரம் ரகரத்துக்கு அடுத்து, ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால். லோக்கேல் (மொழி, வரிசை விதிகளைச் சொல்லும் அமைப்பு) சி என்று வைத்து எல்எஸ் போட்டால் அந்த எண் வரிசைதான் வரும்:

கடல், கண், கனவு, கம்பன், கறி, கல், களம், கவிதை.

அகராதி வரிசை இது:

கடல், கண், கம்பன், கல், கவிதை, களம், கறி, கனவு.

புள்ளி இன்னொரு வம்பு. அகராதியில் "பக்கம்" முன்னால், "பகல்" பின்னால், ஏனென்றால் மெய் முந்தி வரும். யூனிகோடில் புள்ளி தனி எழுத்து. அதன் எண் எல்லா மெய்யெழுத்துகளுக்கும் பின்னால் இருக்கிறது. ஆகவே எண் வரிசையில் "பகல்" முந்திக்கொள்ளும்.

லோக்கேலை மாற்றிப் பார்க்கலாம், எல்சி_கொலேட் என்ற மாறியில் டிஏ_ஐஎன்.யுடிஎஃப்-8 கொடுத்து (எல்சி_கொலேட், ஐஎன், யுடிஎஃப் மூன்றும் பெரிய எழுத்து). அது உங்கள் கணினியில் இருக்கிறதா என்று லோக்கேல் -ஏ சொல்லும், இல்லையென்றால் உருவாக்க வேண்டும். ஆனால் அந்த வரிசை ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்) பதிப்பைப் பொறுத்தது. 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 வரிசை விதிகளை மொத்தமாகப் புதுப்பித்தது. அதனால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்களின் இண்டெக்ஸ்கள் குழம்பி, கணினியை அப்கிரேடு செய்தவர்கள் எல்லாவற்றையும் மறுபடி இண்டெக்ஸ் செய்ய வேண்டியிருந்தது. டேட்டாபேஸுக்கே அந்த கதி என்றால் நம் ஃபோல்டர் எம்மாத்திரம்.

நாங்கள் கடைசியில் செய்தது, பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண். அழகில்லைதான். ஆனால் எந்தக் கணினியிலும் மாறாது.

4 பிப்ரவரி, இரவு 9.05

எண் போடுகிறவர்களுக்கு: முன்னால் பூஜ்யம் போடாமல் பாகம்2, பாகம்10 என்று வைத்திருந்தால் சி லோக்கேலில் 10 முதலில் வரும். எல்எஸ் -வி போட்டால் எண்ணை எண்ணாகவே பார்க்கும். ௨, ௰ என்று தமிழ் எண்களில் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. தமிழ்ப்பற்றுக்கு அங்கே மதிப்பில்லை.

5 பிப்ரவரி, காலை 6.45

பெயரின் நீளம் பற்றி ஒன்று. இஎக்ஸ்டி4இல் ஒரு பெயர் 255 பைட் வரை போகலாம். ஆங்கிலத்துக்கு 255 எழுத்து. யுடிஎஃப்-8இல் (யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் என்பதால் நமக்கு 85. அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். "கோவில்" என்று நாம் மூன்று எழுத்தாக எண்ணுவது அங்கே ஆறு. கட்டுரைத் தலைப்பை அப்படியே ஃபைல் பெயராக வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் (ஆய்வு மாணவர்கள், உங்களைத்தான்) இந்தச் சுவரில் சீக்கிரமே முட்டுவீர்கள்.

5 பிப்ரவரி, மதியம் 1.30

ஒருவர் கேட்கிறார்: "பெயர்களைச் சுற்றி ஒற்றை மேற்கோள் குறி வருகிறது, வைரஸா?"

இல்லை. இடைவெளி உள்ள பெயர்களுக்கு ஜிஎன்யு எல்எஸ் அப்படிப் போடுகிறது. 2016 ஜனவரியில் வந்த கோர்யுடில்ஸ் (எல்எஸ் அடங்கிய தொகுப்பு) 8.25இல் தொடங்கியது, அப்போது பெரிய சண்டை நடந்தது. பெயரில் இல்லாத குறியை ஏன் காட்டுகிறீர்கள் என்று ஒரு கட்சி. எடுத்து ஒட்டினால் உடனே வேலை செய்கிறதே என்று இன்னொரு கட்சி. முதலில் நானும் எரிச்சல்பட்டேன். இப்போது இரண்டாவது கட்சி. பெயரின் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் குறி இல்லாமல் கண்டுபிடிக்கவே முடியாது. வேண்டாம் என்பவர்களுக்கு எல்எஸ் -என் (பெரிய எழுத்து).

டெர்மினலுக்குப் போகும்போது மட்டும்தான் இந்த அலங்காரம். பைப் போட்டு வேறு நிரலுக்கு அனுப்பினால் குறியும் இருக்காது, பத்திகளும் இருக்காது, வரிக்கு ஒரு பெயர். யார் பார்க்கிறார்கள் என்று பார்த்து எல்எஸ் உடையை மாற்றிக்கொள்கிறது.

அப்புறம், தமிழ்ப் பெயர்கள் பத்தி பத்தியாக வரும்போது கோணல்மாணலாக இருப்பதும் இங்கேதான். ஒவ்வொரு குறிக்கும் எத்தனை கட்டம் என்று எல்எஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, எழுத்துரு வேறு அகலத்தில் வரைகிறது. எல்எஸ் -1 போட்டால் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துவிடும். எண் ஒன்று அது, எல் அல்ல.

5 பிப்ரவரி, இரவு 11.10

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "பைப்பில் சுத்தமாக வருகிறதே, அப்போது ஸ்கிரிப்டில் எல்எஸ் பயன்படுத்தலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். கூடாது.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ எழுதிவைத்த ஸ்கிரிப்ட் ஒன்று தினமும் இரவில் ஓடும். எல்எஸ் தரும் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, பழையதை அழிக்கும். ஆங்கிலப் பெயர்கள் இருந்தவரை நன்றாக ஓடியது. ஒருநாள் கணக்குப் பிரிவில் ஒருவர் "மார்ச் கணக்கு" என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்தார். ஷெல் (நாம் அடிக்கும் கமாண்டுகளைப் படித்து ஓட்டும் நிரல்) அதை மார்ச், கணக்கு என்று இரண்டு ஃபைலாகப் பிரித்தது. "கணக்கு" என்று வேறொரு ஃபைல் ஏற்கெனவே இருந்தது. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். திட்டு வாங்கியது என்னவோ பெயர் வைத்தவர். எனக்கு இன்றுவரை அது நியாயமாகப் படவில்லை.

இடைவெளியை மேற்கோள் குறிகளால் சமாளிக்கலாம் என்பீர்கள். பெயரின் நடுவில் புதுவரிக் குறியே வரலாம், அதற்கும் அனுமதி உண்டு. அப்போது வரிக்கு ஒரு பெயர் என்ற கணக்கே உடைந்துவிடும். ஸ்கிரிப்டில் ஃபார் எஃப் இன் * என்று நட்சத்திரத்தை ஷெல்லிடமே விடுங்கள், பயன்படுத்தும் இடத்தில் "$எஃப்" என்று இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். உள்ஃபோல்டர்களும் வேண்டுமென்றால் ஃபைண்ட் -பிரிண்ட்0, அதை வாங்க எக்ஸார்க்ஸ் -0. பூஜ்ய பைட் எந்தப் பெயரிலும் வர முடியாது என்று முதல் நாள் சொன்னேன் அல்லவா, பிரிப்பதற்கு அதுதான் நம்பகமானது.

எல்எஸ் மனிதர்கள் பார்ப்பதற்கு. நிரல் படிப்பதற்கு வேறு வழிகள் இருக்கின்றன.

6 பிப்ரவரி, காலை 8.00

நட்சத்திரம் பற்றி எழுதியதும் ஒன்று நினைவு வந்தது. எல்எஸ் *.ஜேபிஜி என்று அடிக்கும்போது அந்த நட்சத்திரத்தை எல்எஸ் பார்ப்பதே இல்லை. ஷெல் அதை விரித்து, பெயர்களின் பட்டியலாகத்தான் கொடுக்கிறது. எல்எஸ் * அடித்தால் உள்ஃபோல்டர்களைத் திறந்து கொட்டுவது இதனால்தான். ஃபோல்டர் பெயரும் பட்டியலில் போகிறது, ஃபோல்டரைக் கொடுத்தால் உள்ளே இருப்பதைக் காட்டுவது அதன் வழக்கம். -டி சேர்த்தால் வாயை மூடிக்கொள்ளும்.

மைக்ரோசாஃப்டின் பழைய டாஸில் வேறு மாதிரி. அங்கே எல்எஸ்ஸின் இடத்தில் டிஐஆர். டிஐஆர் *.டிஎக்ஸ்டி என்றால் நட்சத்திரத்தைக் கையாள்வது டிஐஆர்தான். பள்ளியில் டாஸ் படித்துவிட்டு லினக்ஸுக்கு வந்தவர்கள் (நானும்) இதில் தடுமாறுவது சகஜம். டிஐஆர் /டபிள்யூ, டிஐஆர் /பி எல்லாம் ஞாபகம் இருக்கிறதா? பெயர் 8 எழுத்து, புள்ளி, 3 எழுத்து. கோவில் பிரச்சினையே வந்திருக்காது.

எல்எஸ் நிரலே கெட்டுப்போன கணினியில் மாட்டினால் எக்கோ * அடியுங்கள். அது ஷெல்லுக்குள்ளேயே இருப்பது, பட்டியல் வந்துவிடும்.

6 பிப்ரவரி, மாலை 6.15

"புள்ளியில் தொடங்கும் ஃபைல் ஏன் தெரிவதில்லை, பாதுகாப்புக்கா?"

பாதுகாப்பு ஒன்றும் இல்லை, எல்எஸ் -ஏ அடித்தால் எல்லாம் வெளியே வரும். இதன் கதையை லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் குழுவில் இருந்த ராப் பைக் 2012இல் எழுதினார். ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் . மற்றும் .. என்ற இரண்டு பெயர்கள் வந்து சேர்ந்தன. பட்டியலில் அவை தெரிய வேண்டாம் என்று எல்எஸ்ஸில் ஒரு சின்னச் சோதனை வைத்தார்கள். முழுப் பெயரையும் ஒப்பிடாமல், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயரும் மறைந்தது. பிறகு ஒவ்வொரு நிரலும் தன் அமைப்பு ஃபைல்களை அங்கே ஒளிக்க ஆரம்பித்தது. உங்கள் ஹோம் ஃபோல்டரில் -ஏ போட்டு இன்று அந்தக் குப்பையைப் பாருங்கள்.

யூனிக்ஸின் முதல் கையேட்டின் தேதி 1971 நவம்பர் 3. அதிலேயே எல்எஸ் இருக்கிறது. யூனிக்ஸுக்கு முந்திய மல்டிக்ஸ் இயங்குதளத்தில் லிஸ்ட் என்ற கமாண்டுக்கு இருந்த சுருக்கம் அது.

6 பிப்ரவரி, இரவு 10.20

டிஎஸ்சிஐஐ (யூனிகோடு பரவும் முன் இருந்த தமிழ்க் குறியாக்கம்) காலத்து ஃபைல்கள் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், சிடியிலிருந்து எடுத்தாராம், பெயர் எல்லாம் டாலர் குறியும் எண்களுமாக வருகிறதாம். பெயர் கெடவில்லை. பழைய குறியாக்கத்தில் இருப்பதால் யுடிஎஃப்-8 ஆகப் படிக்க முடியாமல் எல்எஸ் பைட்டுகளை எண்ணாகக் காட்டுகிறது. ஜிலிப்சியின் ஐகான்வ் கருவிக்கு டிஎஸ்சிஐஐ தெரியும். எல்எஸ் | ஐகான்வ் -எஃப் டிஎஸ்சிஐஐ -டி யுடிஎஃப்-8 என்று அடித்தால் தமிழில் படிக்கலாம். அது திரையில் படிக்க மட்டும், டிஸ்க்கில் பெயர் மாறாது. வேறு பழைய எழுத்துருக் குறியாக்கம் என்றால் இது உதவாது.

8 பிப்ரவரி, காலை 7.40

சின்னச் சின்னதாக இரண்டு பதில்.

எல்எஸ் -எல் போட்டால் சிலவற்றுக்கு மணி வருகிறது, சிலவற்றுக்கு ஆண்டு வருகிறது என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் மணிக்குப் பதில் ஆண்டு. இரண்டும் வேண்டுமென்றால் --ஃபுல்-டைம். அது கடைசியாக உள்ளடக்கம் மாறிய நேரம். -சி சேர்த்தால் வருவதை உருவாக்கிய நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உரிமை, பெயர் போன்ற விவரங்கள் மாறிய நேரம். உருவான நேரத்துக்குப் புதிய பதிப்புகளில் --டைம்=பர்த் இருக்கிறது.

முதல் வரியில் டோட்டல் என்று வருவது ஃபைல்களின் எண்ணிக்கை இல்லை, டிஸ்க்கில் அவை பிடித்திருக்கும் பிளாக்குகள். லினக்ஸில் 1024 பைட் கணக்கு, மேக்கில் 512. அதனால்தான் ஒரே ஃபோல்டருக்கு இரண்டிலும் வேறு வேறு எண்.

8 பிப்ரவரி, இரவு 9.30

எல்எஸ் என்பதை அவசரத்தில் எஸ்எல் என்று அடிக்கிறவர்களுக்காக 1993இல் ஜப்பானின் டொயோடா மசாஷி ஒரு நிரல் எழுதினார். திரையின் வலப்பக்கத்திலிருந்து நீராவி ரயில் ஒன்று புகை விட்டுக்கொண்டு போகும். வழக்கமான கன்ட்ரோல் சி போட்டாலும் நிற்காது, போய் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் கணினியில் நிறுவிவைக்க நல்ல பொருள்.

10 பிப்ரவரி, காலை 6.30

கடைசிக் கேள்வி, இது கொஞ்சம் கனமானது: சிசிடிவி படங்கள் லட்சக்கணக்கில் விழுந்த ஃபோல்டரில் எல்எஸ் அடித்தால் திரை அப்படியே நிற்கிறதாம்.

எல்எஸ் முதலில் எல்லாப் பெயர்களையும் வாங்கி, வரிசைப்படுத்திவிட்டுத்தான் முதல் வரியையே காட்டும். வண்ணம் காட்டும் அமைப்பு இருந்தால் (உபுண்டுவில் இருக்கும்) ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் தனியாகக் கேட்கும். நெட்வொர்க் டிஸ்க் என்றால் அதுவே உயிரை எடுக்கும். \எல்எஸ் -யு -1 | ஹெட் என்று அடியுங்கள், யு பெரிய எழுத்து. முன்னால் உள்ள பேக்ஸ்லாஷ் வண்ண அமைப்பைத் தவிர்க்கும், -யு வரிசைப்படுத்தலைத் தவிர்க்கும். நட்சத்திரம் போட்டு அழிக்கப் போனால் பட்டியல் மிக நீளம் என்று ஷெல் கைவிரிக்கும். ஃபைண்ட் . -மேக்ஸ்டெப்த் 1 -நேம் '*.ஜேபிஜி' வரை முதலில் அடித்துப் பட்டியலைச் சரிபாருங்கள். சரியாக இருந்தால் கடைசியில் -டெலீட் சேருங்கள்.

டிஸ்க்கில் இடம் இருக்கிறது, ஆனாலும் இடமில்லை என்று பிழை வருகிறது என்றும் எழுதியிருக்கிறார். டிஎஃப் -ஐ அடித்துப் பாருங்கள், ஐநோடு எத்தனை மீதி என்று காட்டும். இஎக்ஸ்டி4 உருவாக்கும்போது வழக்கமாக 16 கேபிக்கு ஓர் ஐநோடு என்று ஒதுக்கும், பிறகு அந்த விகிதத்தை மாற்ற முடியாது. சராசரியாக அதைவிடச் சின்னப் படங்களாக நிரப்பினால் இடத்துக்கு முன்னால் ஐநோடு தீர்ந்துவிடும். பழைய படங்களை நாள் வாரியாக டார் கருவியால் ஒரே ஃபைலாகக் கட்டிவிட்டு மூலத்தை அழித்தால் ஐநோடு திரும்பக் கிடைக்கும். கேமரா மென்பொருளில் எத்தனை நாள் வைத்திருப்பது என்ற அமைப்பையும் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுபடியும் நிறைந்துவிடும்.